கருப்பம் கட்டாத நாடகங்கள்

தமிழ்மொழித் தினப் போட்டிக்கு, கோயில் சடங்குக்கு, விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழாவுக்கு என்று மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எழுதப்படும் குறுநாடகப் பிரதிகளைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே குறைதான் கண்ணில் படும். தொடக்கம் இருக்கும், முடிவும் இருக்கும், நடு இருக்காது. முதற் காட்சியில் தகப்பன் குடித்துவிட்டு வந்து சோற்றுச் சட்டியை உதைப்பார். கடைசிக் காட்சியில் பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுவார். இடையில் வெள்ளை வேட்டியோடு ஒருவர் வந்து ஐந்து நிமிடம் புத்தி சொல்லியிருப்பார்.

இந்தக் குறையைச் சுட்ட நமக்குப் பழைய சொல்லே உண்டு. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், நாடகக் கதையின் வளர்ச்சியை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று ஐந்து சந்தியாக, அதாவது ஐந்து கட்டமாகப் பிரித்து, ஐந்தையும் வேளாண்மையை வைத்தே விளக்குகிறார். உழுத நிலத்தில் இட்ட வித்து முளைப்பது முகம். இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். அந்த நாற்று வளர்ந்து கதிரை உள்ளே பொதிந்து நிற்பது கருப்பம். கதிர் விரிந்து, முற்றி, தலைசாய்வது விளைவு. அறுத்து, போரிட்டு, தூற்றி, பொலியை வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1926 இல் வெளிவந்த மதங்க சூளாமணியில் ஷேக்ஸ்பியரையும் வடமொழி நாடக இலக்கண நூலான தனஞ்சயரின் தசரூபகத்தையும் ஒரே நூலுக்குள் வைத்துப் பேசினார். ஷேக்ஸ்பியரை அவர் செகசிற்பியார் ஆக்கியதைப் பலரும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த நூலில் உள்ள நாடக இலக்கணத்தை எடுத்து ஒரு பிரதியில் பொருத்திப் பார்ப்பவர்கள் குறைவு.

வட்டைக்கு, அதாவது வயலுக்குப் போய்ப் பழகிய நமக்குக் கருப்பம் என்றால் குடலைப் பருவம். வெளியே பார்த்தால் வெறும் பச்சை. தண்டை இரண்டு விரலால் அமத்திப் பார்த்தால்தான் உள்ளே கதிர் திரண்டிருப்பது தெரியும். அந்த நேரத்தில் வாய்க்கால் வற்றினால் கதிர் வரத்தான் செய்யும், உள்ளே பதர்தான் இருக்கும். நடு இல்லாத நாடகமும் அதே கணக்கு. அழுகை வரும், மணி இருக்காது.

ஒரு சின்ன நாடகத்தை விதைப்பிலிருந்து எழுதிப் பார்ப்போம். முப்பது நிமிடம், நாலு பாத்திரம், ஒரே இடம். பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம் என்பதால் அதையே எடுக்கலாம். ஒரு தாய், இரண்டு மகள்மார், தாயின் தம்பி. வீடு ஒன்றுதான். அது மூத்தவளுக்கு வாயால் கொடுத்த வீடு, உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம், இன்னும் தாயின் பெயரில். மூத்தவளின் புருஷன் கட்டாருக்குப் போனவர், காசு வருவது நின்று எட்டு மாதம். இளையவளுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் கேட்பது வீடு.

இவ்வளவும் கதை. நாடகம் இன்னும் தொடங்கவில்லை. அது தொடங்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பாத்திரத்தின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு வரி எழுத வேண்டும்: இண்டைக்கு, இந்த முற்றத்தில், இவருக்கு என்ன வேணும்? 'தாய்க்கு நிம்மதி வேணும்' என்று எழுதினால் நடிக்கிறவருக்கு அதை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றும் இல்லை. நிம்மதியைக் கையால் பிடிக்க முடியாது. 'ஐந்து மணிக்குத் தம்பி வருவதற்குள் ரங்குப்பெட்டியில் இருக்கும் உறுதி கைக்கு வரவேணும்' என்று எழுதினால் பிடிக்கலாம். தம்பிக்கு, வாக்குக் கொடுத்த இடத்தில் முகம் கெடாமல் இன்றே உறுதியோடு நொத்தாரிசிடம் போகவேணும். இளையவளுக்கு, மாமா வரும் நேரம் அக்கா வீட்டில் இருக்கக் கூடாது. மூத்தவளுக்கு, பெட்டிச் சாவி கைமாறக் கூடாது. நாலு பேரின் தேவையும் ஒரே பெட்டியில் வந்து முட்டுகிறது. இப்படி ஒரு பொருளைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மேடையில் கோபம் தெரியாது, சாவி தெரியும்.

முரண் என்றால் என்ன என்று மாணவருக்கு விளக்க நான் கொம்புமுறியைத்தான் சொல்வேன். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து, இரண்டு வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இழுக்கும். ஒரு பக்கத்துக் கொம்பு உளுத்தது என்று முன்பே தெரிந்தால் அதைப் பார்க்க யார் வருவார்? நமது பிரதிகளில் பெரும்பாலும் ஒரு கொம்பு உளுத்ததுதான். குடிகாரனுக்கு நியாயமே இருக்காது, வட்டிக்குக் கொடுப்பவருக்குப் பிள்ளைகுட்டி இருக்காது. நமது நாடகத்தில் தாய் கேட்பது நியாயம், மூத்தவள் மறுப்பதும் நியாயம். எழுதுகிறவர் இரண்டு பக்கத்துக் கயிற்றையும் தானே மாறிமாறிப் பிடித்து, முழுப் பலத்தோடு இழுத்துப் பார்க்க வேண்டும்.

முப்பது நிமிடத்தை நான் இப்படிப் பிரிப்பேன்: முகத்துக்கு 4, பிரதிமுகத்துக்கு 5, கருப்பத்துக்கு 13, விளைவுக்கு 6, துய்த்தலுக்கு 2. கையில் உள்ள ஒரு பிரதியை இதே மாதிரி அளந்து பாருங்கள். முகத்துக்கே பன்னிரண்டு நிமிடம் போயிருக்கும். முன்கதை முழுவதையும் அங்கே கொட்டிவிடுவதுதான் காரணம். இப்படி:

தாய்: உனக்குத் தெரியும்தானே மகளே, உன் அப்பா இறந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. உன் கணவரும் கட்டாருக்குச் சென்று எட்டு மாதங்களாகப் பணம் அனுப்பவில்லை.

தெரியும்தானே என்றால் பிறகு ஏன் சொல்கிறாள்? சபைக்குச் சொல்கிறாள். சபை அதை உடனே கண்டுபிடித்துவிடும். அதே செய்தி சண்டைக்குள் வந்தால் ஒருவரும் கவனிக்கமாட்டார், ஆனால் எல்லோருக்கும் விளங்கிவிடும்:

தாய்: விளக்குக் கொளுத்தல்லியா?
மூத்தவள்: எண்ணெய் இல்ல.
தாய்: அவர் இருந்த காலத்தில இந்த வீட்டில எண்ணெய் இல்லாமப் போனதில்ல.
மூத்தவள்: அவர் இருந்த காலத்தில நீங்க என்னட்டச் சாவி கேட்டதும் இல்ல.

நாலு வரி. தகப்பன் இல்லை, காசு இல்லை, சாவி மகளிடம், தாய் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு வரியும் முன்வரியிலிருந்து ஒரு சொல்லைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கிறது. பேச்சு எழுதத் தெரியுமா என்று பார்க்க இதைவிடச் சுருக்கமான சோதனை கிடையாது: இரண்டு வரியை இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றினாலும் அர்த்தம் கெடவில்லை என்றால் அது உரையாடல் இல்லை, ஆளுக்கொரு பேச்சு.

இந்த இடத்தில் 'கூத்தில் அரசன் வந்து தன்னைத் தானே அறிமுகப்படுத்துகிறானே, அது குற்றமில்லையா' என்ற கேள்வி வரும். குற்றமில்லை. அங்கே அரசனின் வரவை அறிவிக்கும் கட்டியகாரன் வருகிறான், வரவுத் தரு என்ற வரவுப் பாட்டுப் பாடப்படுகிறது, பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுகிறார்கள், ஆட்டக்காரர் தன்னைப் பற்றிப் படர்க்கையில் பாடியே ஆடுகளமான களரிக்குள் வருகிறார். சபையும் அந்த ஒப்பந்தத்துக்குச் சம்மதித்துத்தான் பாயை விரித்து உட்கார்ந்திருக்கிறது. பிழை எங்கே வருகிறதென்றால், வீட்டு முற்றம், அடுப்பு, சைக்கிள் என்று நடப்பியல் நாடகத்தைத் தொடங்கிவிட்டு நடுவில் கூத்தின் சலுகையைக் கடன் வாங்கும்போதுதான். எந்த மோடி, அதாவது எந்தப் பாணி என்பதை முதற் பக்கத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும். கூத்தின் இரண்டு மோடியில் வடமோடி பெரும்பாலும் போரில் போய் முடியும், தென்மோடி பெரும்பாலும் காதலும் கல்யாணமுமாக முடியும். முடிவைத் தெரிந்துகொண்டே ஆட்டமும் உடுப்பும் தாளமும் அமைகின்றன. பிரதி எழுதுகிறவருக்கும் அந்த ஒழுங்கு வேண்டும்.

முகத்தில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, வித்தைப் போடுவது. நமது நாடகத்தில் மூத்தவள் தொடக்கத்திலேயே கொஞ்சக் காசை எண்ணுகிறாள், மறுபடி எண்ணுகிறாள், சேலைத் தலைப்பில் முடிகிறாள். தாய் கேட்டால் சீட்டுக்காசு என்கிறாள். பத்து விநாடிதான். உண்மையில் அது வட்டிக்காசு. புருஷனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டிய பணத்துக்காக, அந்த உறுதியை அவள் ஏற்கெனவே ஒருவரிடம் ஈடு வைத்துவிட்டாள். பெட்டி வெறும் பெட்டி. அவள் காப்பது வீட்டை இல்லை, வெறுமையை. இதைச் சபைக்கு எப்போது சொல்வது என்பதில்தான் நாடகமே இருக்கிறது.

பிரதிமுகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தாய் கேட்கிறாள், கிடைக்கவில்லை, மணி ஓடுகிறது, அவ்வளவுதான். கருப்பத்துக்கு வருவோம்.

பதின்மூன்று நிமிடத்தைச் சண்டையால் நிரப்பலாம் என்று நினைப்பதுதான் முதல் பிழை. 'தா', 'தரமாட்டேன்' என்பதை எட்டுத் தடவை சத்தமாகச் சொல்வது வளர்ச்சி இல்லை. தாயின் ஒவ்வொரு முயற்சியும் வேறு வகையாக இருக்க வேண்டும், முன்னதைவிட விலை கூடியதாகவும் இருக்க வேண்டும். முதலில் ஆசை காட்டுகிறாள்: பின்வளவில் உனக்கு ஒரு அறை போட்டுத் தாறன். அது பலிக்காமல் போக, தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கிறாள். மூத்தவள் ஒரு கணம் கை நீட்டுகிறாள், வட்டிக்கு அது போதும் என்பதால். பிறகு இழுத்துக்கொள்கிறாள். அந்தக் கணத்தில் சபைக்கு முதற் சந்தேகம் வர வேண்டும். மூன்றாவது முயற்சியில் தாய் வாயைத் தவறவிடுகிறாள்: புருஷன் கைவிட்டவளுக்கு வீடெதுக்கு? இந்த வசனம் வந்த பிறகு இரண்டு பேரும் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. ஒவ்வொரு முயற்சியின் முடிவிலும் ஒரு கதவு சாத்தப்பட்டிருக்க வேண்டும். பிரதியில் பென்சிலால் குறியுங்கள்: இந்தப் பக்கம் முடியும்போது எது இனிமேல் நடக்க முடியாது? பதில் இல்லாத பக்கத்தைக் கிழித்துவிடலாம், நாடகத்துக்கு ஒன்றும் ஆகாது.

இடையில் தம்பி வருகிறார். வந்தவரை வாயிலில் நிறுத்தி 'வாங்க மாமா, இருங்க மாமா, தேத்தண்ணி குடிக்கிறீங்களா' என்று ஒரு நிமிடம் வீணாக்காதீர்கள். தேத்தண்ணி வேண்டுமென்றால் அதற்கும் ஒரு வேலை கொடுங்கள். சீனி இல்லை, பக்கத்து வீட்டில் வாங்கிவர இளையவள் வெளியே போகிறாள், அவள் இல்லாத அந்த நேரத்தில் மாமா பெட்டிப் பூட்டில் கை வைக்கிறார். இப்போது தேத்தண்ணியும் கதைக்குள் வந்துவிட்டது.

விளைவில் பெட்டி திறக்க வேண்டும். மாமா பூட்டை உடைத்தால் அது வெளியிலிருந்து வந்த பலம், மூத்தவளுக்கு அதில் பங்கில்லை. திரும்பி வரும் இளையவள், 'எனக்கு இந்தச் சம்பந்தம் ஒண்ணா, வீடு அக்காக்கே இருக்கட்டும்' என்கிறாள். இழுத்து முறிக்க முடியாத கொம்பு இந்த இடத்தில் முறிகிறது. தான் ஏற்கெனவே ஈடு வைத்துவிட்ட வீட்டுக்காகத் தங்கச்சி கல்யாணத்தை விடுவதைப் பார்த்துக்கொண்டு மூத்தவளால் நிற்க முடியாது. சாவியை அவளே எடுத்துப் போடுகிறாள். திருப்பம் பாத்திரத்தின் குணத்திலிருந்து வந்தால்தான் சபை நம்பும். லொத்தர் விழுந்தது, கட்டாரிலிருந்து காசு வந்தது, கிராம சேவகர் வந்து தீர்த்து வைத்தார் என்பதெல்லாம் எழுதியவருக்கு அலுத்துவிட்டது என்பதற்கான அடையாளம்.

துய்த்தலுக்கு இரண்டு நிமிடம் போதும். வெறும் பெட்டிக்கு முன்னால் நாலு பேர். ரெலிபோன் அடிக்கிறது. ஒருவரும் எடுக்கவில்லை. மாமா புத்தி சொல்லத் தொடங்கினால் அவரை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

பேச்சுமொழி பற்றி ஒரு சொல். பாத்திரம் ஓரிடத்தில் 'மறுகா வாறன்' என்றும் அடுத்த வரியில் 'நான் செல்கின்றேன்' என்றும் பேசக் கூடாது. தாய் எந்த ஊர் என்று முடிவெடுத்து அந்த ஊர்ப் பேச்சிலேயே நிற்க வேண்டும். இதே கதையைக் காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ வைத்தால் அம்மா உம்மாவாகவும் அக்கா ராத்தாவாகவும் மாறுவதோடு வேலை முடிந்துவிடாது. கோபிக்கும் விதம், கெஞ்சும் விதம், யார் முன்னால் யார் உட்காருவார் என்பதெல்லாம் மாறும். வசனத்தின் நீளத்தையும் பாருங்கள். ஒரே மூச்சில் பன்னிரண்டு பதினைந்து சொல்லுக்கு மேல் போனால் மாணவ நடிகருக்குக் கடைசிச் சொல்லில் காற்று இருக்காது. தமிழில் வினை கடைசியில் வருவதால் அந்தக் கடைசிச் சொல்தான் பெரும்பாலும் முக்கியமானது. தகரக் கூரை மண்டபத்தில், மார்கழி மழையில், விழுங்கப்படுவது அதுவே.

அடைப்புக்குறிக்குள் எழுதும் மேடைக் குறிப்பு கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும். 'மனம் உடைந்து, பழைய நினைவுகளில் மூழ்குகிறாள்' என்பது நாவலாசிரியரின் வேலை. 'சாவியை மடியில் செருகுகிறாள், பிறகு எடுத்துப் பார்க்கிறாள்' என்று எழுதினால் நடிகை செய்வார், சபை மிச்சத்தைத் தானே நினைத்துக்கொள்ளும்.

அடுத்தது இடம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் அரங்குக்கு அளவு சொல்லப்படுகிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், கோல் என்பது இருபத்துநான்கு விரல். எழினி என்ற திரையில் மூன்று வகை, போக வர இரண்டு வாயில். மாதவி ஆடுவதற்கு முன்பே இத்தனையும் அளந்தாகிவிட்டது. நாமோ பிரதியை எழுதி முடித்து, பழக்கி, போட்டியன்றுதான் மேடையைப் பார்க்கிறோம். ஒரு பக்கம்தான் வாசல் இருக்கும். மாமா வரும் வழியாலேயே இளையவள் போக, இரண்டு பேரும் முட்டிக்கொள்வார்கள்.

வட்டக்களரியில் இந்த நாடகத்தைப் போடுவதாக இருந்தால் பிரதியையே மாற்ற வேண்டும். நாலு பக்கமும் சபை. ரங்குப்பெட்டி திறந்தால் ஒரு பக்கத்தார் உள்ளே பார்த்துவிடுவார்கள், எதிர்ப்பக்கத்தார் மூடியின் முதுகைத்தான் பார்ப்பார்கள். ஒரு கூட்டம் 'ஆ' என்னும்போது மற்றக் கூட்டம் என்ன என்று விழிக்கும். முன்பக்கம் மட்டும் சபை இருக்கும் படச்சட்ட மேடைக்கு எழுதிய மௌனம் களரியில் செல்லாது. அங்கே மூத்தவள் பெட்டியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும், ஒன்றும் விழாதது நாலு பக்கமும் தெரிய வேண்டும்.

காட்சி எண்ணிக்கையையும் கணக்குப் பார்க்கலாம். விளக்கணைத்து, சாமான் மாற்றி, மறுபடி விளக்குப் போட முப்பது விநாடி என்று வைத்தாலும் பத்துக் காட்சி மாற்றத்துக்கு ஐந்து நிமிடம் இருட்டு. நடைமுறையில் அது இரட்டிக்கும், ஏனென்றால் இருட்டில் கதிரை காலில் தட்டும். முப்பது நிமிட நாடகத்துக்கு மூன்று காட்சி தாராளம். ஒரே நடிகர் உடுப்பு மாற்றி வர வேண்டுமென்றால் இடையில் குறைந்தது இரண்டு நிமிடத்துக்கு மற்றவர்களின் வசனம் இருக்க வேண்டும், அதுவும் சேலை என்றால் நாலு. மைக் மேலே இரண்டு மட்டும் தொங்கும் மண்டபமானால், முக்கியமான வசனம் எதையும் மேடை ஓரத்தில் வைக்காதீர்கள்.

நீளத்துக்கு என் கைக்கணக்கு இது: உணர்ச்சியோடும் இடைவெளியோடும் பேசினால் நிமிடத்துக்கு 90 சொல் அளவில் போகும். முப்பது நிமிடத்தில் எட்டு நிமிடம் பேச்சில்லாத செயல் என்றால், வசனத்துக்கு மிஞ்சுவது 22 நிமிடம், ஏறத்தாழ 2000 சொல். முதற் பிரதி இதைவிடக் கூடத்தான் வரும். குறைக்கும்போது எல்லாக் காட்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளக் கூடாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கி 1962 இல் கர்ணன் போரையும், கூத்து முறையில் 1964 இல் இராவணேசனையும் மேடையேற்றியதை நாடகம் படிப்பவர்கள் எல்லோரும் பரீட்சைக்கு எழுதுவார்கள். ஒரு இரவை நகர மேடையின் நேரத்துக்குள் கொண்டுவர எதை விட்டார்கள், எதை விடாமல் வைத்தார்கள் என்று கேட்டுப் பார்ப்பது அதைவிடப் பயன். முகத்திலிருந்து வெட்டுங்கள், துய்த்தலிலிருந்து வெட்டுங்கள். குடலையில் கத்தி வைக்காதீர்கள்.

வெட்டி முடித்த பிரதியை உடனே பாடமாக்கக் கொடுக்க வேண்டாம். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் குரலையும் உடம்பையும் பார்த்துத்தான் சட்டங் கொடுப்பார், அதாவது யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பிரித்துக் கொடுப்பார். பிறகு பழக்கம், சதங்கை அணிதல், கடைசி ஒத்திகையான அடுக்குப் பார்த்தல், அதன் பிறகே அரங்கேற்றம். பிரதிக்கும் அப்படி ஒரு அடுக்குப் பார்த்தல் தேவை. நாலு பேரை வட்டமாக இருத்தி, நடிக்காமல், சும்மா வாசிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் வாசிக்கக் கூடாது. அவர் வாசித்தால் எழுத்தில் இல்லாததைக் குரலால் நிரப்பிவிடுவார். வாசிப்பவர் இரண்டு தடவை தடக்கிய வசனத்தைத் திருத்துங்கள், பிழை வாசிப்பவரில் இல்லை. கேட்பவர்கள் கையிலிருக்கும் போனைப் பார்க்கத் தொடங்கிய இடத்தில் பக்க ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடுகள் நடுப்பகுதியில் குவிந்திருந்தால் எங்கே தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கடைசிப் பிரதியைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள், மற்றப் பக்கம் நடமாட்டக் குறிப்புக்கு. ஆளுக்கொரு கொப்பி, நெறியாளருக்கு ஒன்று, விளக்குக்காரருக்கு ஒன்று, பக்கத் திரைக்குள் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவருக்கு ஒன்று. இந்த நாடகத்துக்கு ஏழு. பக்க எண்ணை மறக்காமல் போடுங்கள்.